சரளைப் பாதையில் நான்கு முட்டைகள்

விடை சொல்ல ஆசைப்படுகிறவர்கள் அவசரப்படாமல் கடைசிவரை கேட்க வேண்டும். இதில் கெட்டவர் யாரும் இல்லை, சிக்கலே அதுதான்.

மதுரையில் ஆவாரங்கண்மாய் என்றொரு கண்மாய். ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான் விழுந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சோலைமலை ஆறு வருடம் விடாமல் மனு எழுதி, அதிகாரிகளின் உயிரை வாங்கி, அதைப் பறவைகளுக்கான பூங்காவாக மாற்ற வைத்தார். பூங்காப் பொறுப்புக்கு வந்த செண்பகவல்லி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "கரைப் பாதையைச் சித்திரை ஒண்ணாம் தேதி திறக்கிறோம்யா. முதல் ஆளா நீங்கதான் நடக்கணும்." மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த மனிதர் அந்த நாளை எண்ணியே எழுந்து நடந்தார்.

பாதைக்குச் சிமென்ட் கல் வேண்டாம், சரளை போதும் என்று பிடிவாதம் பிடித்ததும் செண்பகவல்லிதான். பறவைகளுக்கு அதுதான் நல்லதாம். ஓர் ஆள்காட்டிக் குருவி அதை அப்படியே நம்பிவிட்டது. திறப்புக்கு ஐந்து நாள் முன்பு, பாதையின் நட்டநடுவில் நான்கு முட்டைகள் இட்டது. அது கூடு கட்டாது. கல்லோடு கல்லாக முட்டையிடும். எது கல், எது முட்டை என்று தெரியவே தெரியாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் முள்வேலி. ஒதுங்கிப் போக வழியில்லை. வெயில் ஏறினால் தாய்க்குருவி கண்மாயில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். அரை மணி நேரம் அதை விரட்டிவிட்டால் போதும், முட்டை வெந்துவிடும்.

சித்திரை ஒன்று விடிந்தது. புது ஷூ போட்டுக்கொண்டு சோலைமலை வந்து நின்றார். பின்னால் நாற்பது பேர். கதவருகே காவலாளி சவரிமுத்துவும் செண்பகவல்லியும்.

"சாவி தொலைஞ்சுபோச்சுண்ணே. நாளைக்கு வாங்க" என்றார் சவரிமுத்து.

சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. முட்டை விஷயம் வெளியே தெரிந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடுமே என்று பயம்.

சோலைமலையின் முகம் வாடியதைச் செண்பகவல்லியால் தாங்க முடியவில்லை. சாவியை வாங்கித் தானே கதவைத் திறந்தார். மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு, முட்டை விஷயத்தைச் சோலைமலையிடம் மட்டும் சொன்னார்.

"வாக்கு உங்களுக்குக் கொடுத்தது. நான் மீற மாட்டேன். நடங்கய்யா."

சோலைமலை நடந்தார். பதினோராவது அடியில் குருவி கத்திக்கொண்டு அவர் தலைக்கு மேல் பாய்ந்தது. நின்றுவிட்டார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒரு முட்டைகூட அவர் கண்ணில் படவில்லை. மெதுவாகத் திரும்பி வந்தார்.

"முதல் ஆளா நடந்தாச்சும்மா. மிச்சத்தை அதுக பொரிச்சதுக்கப்புறம் பார்த்துக்கலாம். பூட்டுங்க."

முட்டைக்காகப் பொய் சொன்ன சவரிமுத்து, வாக்குக்காகக் கதவைத் திறந்த செண்பகவல்லி, ஆசையோடு வந்து பாதியில் திரும்பிய சோலைமலை. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: சவரிமுத்துவின் பொய் ஒரு நாளைக்குத்தான் தாங்கும், மறுநாளும் குருவி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். செண்பகவல்லி வாக்கைக் காப்பாற்றினார், ஆனால் முட்டைகளைப் பணயம் வைத்து. கொடுத்த வாக்கைத் தளர்த்தும் உரிமை அதை வாங்கியவருக்கு மட்டுமே உண்டு. ஆகவே சோலைமலை செய்ததே சரி. ஆனாலும் கதவு பூட்டியே இருந்திருந்தால் அவர் ஏமாந்து போயிருப்பாரே தவிர, விட்டுக்கொடுத்திருக்க முடியாது. அந்த அளவுக்குச் செண்பகவல்லிக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து இருபத்து நான்காம் நாள் பாதை திறந்தது. அதை முழுவதும் முதலில் நடந்து முடித்தவை நான்கு குஞ்சுகள். சோலைமலை ஐந்தாவது.