மந்திரிக்கு வழியடைத்த ஓரடி

சதுரங்கக் காய்களுக்கெல்லாம் வாய் இருந்த காலம். கறுப்பு நாட்டில் வில்லவராயர் என்றொரு மந்திரி இருந்தார். ராணிக்குப் பக்கத்து வீடு அவருடையது. மூலைவாட்டில் பலகையின் மறுகோடி வரை உலாத்திவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

அந்த நாட்டுக்கு ஒரு தீராத தொல்லை. வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டடி வைப்பான். கறுப்பு ராஜாவின் சிப்பாய் கூத்தனும் ரோஷப்பட்டு இரண்டடி வைத்து எதிரே போய் நிற்பான். அந்தச் சந்தடியில் வெள்ளை மந்திரியும் குதிரையும் கறுப்பு ராஜாவின் விலாவில் வந்து பாயும். மூன்று போர், மூன்றிலும் தோல்வி.

"இன்னொரு தடவை தோற்றால் நான் பெட்டியை விட்டே வரமாட்டேன்" என்றார் ராஜா.

வில்லவராயர் தாடியைத் தடவினார். "கூத்தன் ஓரடி மட்டும் வைக்கட்டும், மகாராஜா. விலாவுக்கு வரும் வழி அடைபடும். பிறகு ராணியின் சிப்பாய் இரண்டடி போய் வம்புக்கு நிற்கட்டும். அவர்கள் சிப்பாய்களை மூலைவாட்டில் ஒருவனுக்கொருவன் காவலாக நிறுத்திச் சங்கிலி கட்டி முன்னேறுவார்கள். சங்கிலியைத் தலையில் அடிக்கக் கூடாது, அடியில் அடிக்க வேண்டும்."

சபை அவரைக் கொண்டாடித் தீர்த்தது.

மறுநாள் எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் சங்கிலியாக வந்து கூத்தனின் மூக்கை உரசி நின்றார்கள். வில்லவராயர் உலாத்தக் கிளம்பினார். வழியில் கூத்தனின் முதுகு.

"கொஞ்சம் தள்ளி நில்லப்பா."

"எங்கே தள்ளுவது ஐயா? முன்னால் எதிரி. பின்னால் போகச் சிப்பாய்க்கு விதியில்லை. இங்கே நிற்கச் சொன்னதே நீங்கள்தானே?"

ராஜாவுக்குப் பக்கத்து வீட்டு மந்திரி வில்லவராயரின் தம்பி. கூத்தன் நகர்ந்ததில் அவருக்கு வழி திறந்துவிட்டது. "வெளியே நல்ல காற்று, அண்ணா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ராஜாவுக்கே மனசு கேட்கவில்லை. "சிப்பாய்ச் சுவரைக் கலைத்து உமக்கு வழி விடச் சொல்லட்டுமா?"

வில்லவராயர் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் குதிரை ராஜாவின் விலாவையே முறைத்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் மகாராஜா. என் வாசல் சிப்பாயை இரண்டடி அனுப்புகிறேன். சங்கிலியின் அடிக்கண்ணியை அவன் முட்டட்டும். ராணியம்மாவும் குதிரையும் அதையே குறி வைக்கட்டும்."

அடிக்கண்ணி அறுந்தது. சங்கிலி சரிந்தது. வெள்ளைப் படை பின்வாங்கியது. வெற்றிப் பாயசத்தைக் கூத்தனின் தோளுக்கு மேலே நீட்டித்தான் மந்திரியிடம் கொடுக்க முடிந்தது. குடித்துவிட்டு, "முந்திரி குறைவு" என்றார்.

இன்றும் சதுரங்கத்தில் ராஜாவின் சிப்பாயை ஓரடி வைத்துத் தொடங்கும் பிரெஞ்சுத் தடுப்பு ஆட்டத்தை ஆடும்போது ராணிப்பக்கத்து மந்திரி சொந்தச் சிப்பாயின் முதுகைப் பார்த்தபடி வீட்டிலேயே கிடப்பது அந்த ஓரடியிலிருந்து வந்த வழக்கம்தான்.