பால்குடி மறந்த கதை

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி சிவகாமவல்லிக்கு நாற்பது வயதுதான். அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கோ ஐம்பத்தெட்டு. தன்னைவிட இளையவரை 'அம்மா' என்று கூப்பிட அவர் கூச்சப்பட்டதே இல்லை. குடியை விட வழி கேட்டு வந்தவர், அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

ஏழு மாதம் நன்றாகத்தான் போயிற்று. எட்டாவது மாதம் மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருப்பதாகத் தகவல் வந்தது. கண் கலங்குவதற்குள் கால் கடைக்குப் போய்விட்டது. துக்கம் வந்தாலும் கடை, சந்தோஷம் வந்தாலும் கடை என்று முப்பது வருடம் பழகிய கால் அது.

மறுநாள் காலை துணிமூட்டையோடு அம்மாவின் முன்னால் வந்து நின்றார். இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. யார் அடித்தது என்று அம்மா கேட்டார். தானே அறைந்துகொண்டதாகச் சொன்னார். நேற்றிலிருந்து பட்டினியாம். ஒவ்வொரு முறை தவறும்போதும் இப்படித்தானாம். தண்டனை கொடுப்பதில் மட்டும் மனிதர் குறை வைத்ததில்லை.

"மனசு வேண்டாங்கு. உடம்பு கேக்க மாட்டேங்கும்மா. இந்தக் கைய வச்சுக்கிட்டுப் பேரப்பிள்ளைய எப்படித் தொடுவேன்? நான் எங்கயாவது போயிருதேன்."

அம்மா அவரை உட்காரச் சொல்லி மோர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளர் அவர் கையில் நிற்காமல் ஆடியது. அம்மாவே பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார்.

பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார். "உங்க மகளுக்குப் பால்குடிய எப்படி மறக்கடிச்சீங்க?"

ஆவுடையப்பன் விழித்தார். மெல்ல முகம் இளகியது. இரண்டு வயதாகியும் பிள்ளை பாலை விடவில்லையாம். மனைவி வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக்கொண்டாளாம். பிள்ளை வாயை வைத்துத் துப்பிவிட்டு, மறுபடியும் அதே மார்புக்குத்தான் அழுததாம். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் பால் வாசனை விடாது என்று, மூன்று நாள் இவர்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையெல்லாம் நடந்தாராம்.

"கசக்கும்னு தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்பப் போச்சு?"

"பசிச்சாலும் அதுதான், பயந்தாலும் அதுதான். பாவம், அதுக்கு வேற என்னம்மா தெரியும்?"

"அந்த மூணு நாள்ல பிள்ளைய எத்தனை அடி அடிச்சீங்க?"

ஆவுடையப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. "பச்சப்பிள்ளைய யாராவது அடிப்பாவளா? ஏங்கி ஏங்கில்லா அழுதா. நான் தோள விட்டு எறக்கவே இல்ல."

அம்மா, நடுங்கிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்த உடம்பும் ஏங்கித்தான் அழுவுது. எறக்கி விட்டுராதீங்க."