முள்ளில்லாத தவளை

பேச்சித்தாயின் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு கத்தி எந்தத் தவளையை வெட்டத் தொடங்கியதோ, அந்தத் தவளை குளத்தில் மிதக்கும்வரை வெட்டியவர் கத்தியை வெளியே எடுத்துப் போகக் கூடாது.

தவளை என்றால் நிஜத் தவளை இல்லை. தேய்ந்துபோன ஸ்பாஞ்ச் செருப்பை அறுத்து, உரசி, வயிற்றில் கீறி, அந்தக் கீறலில் தூண்டில் முள்ளைப் புதைத்துச் செய்கிற பொய்த் தவளை. தண்ணீருக்கு மேலேயே மிதந்து வரும். இழுக்க இழுக்கப் பொளக் பொளக்கென்று சத்தம் போடும். விரால் அதை நிஜமென்று நம்பிப் பாயும். ஊரில் யாருக்காவது ஒற்றைச் செருப்பு காணாமல் போனால், நாயைத் திட்டுவதற்கு முன்னால் பேச்சித்தாயின் கொட்டகையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவார்கள்.

ஊர்க்காவலன் அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தான். அவளைவிட மிகவும் மூத்தவன். கிண்டலுக்காகத்தான் முதலில் அவளைக் குருவம்மா என்று கூப்பிட்டான். அவள் செய்த தவளை தண்ணீரில் நடந்து வந்த அழகைப் பார்த்த பிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அவள் அவனை அண்ணாச்சி என்பாள்.

அன்று சாயங்காலம் அவன் தள்ளிய வேகத்தில் கொட்டகையின் தட்டிக்கதவு போய்ச் சுவரில் மோதியது.

"குருவம்மா, என் கத்தியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

அவள் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"என்ன நடந்துச்சு?"

"சந்தனக்குமாரு மடைப்பக்கத்து டீக்கடையில நிக்கான். கோமு காலேஜ் விட்டு பஸ்ஸுல வந்து எறங்கியிருக்கா. அத்தன பேருக்கு முன்னால அவளப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கான். அந்த வார்த்தைய என் வாயால சொல்ல மாட்டேன்."

கோமு அவனுடைய ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. சந்தனக்குமாருக்கும் அவனுக்கும் பகை போன மழைக்காலத்தில் தொடங்கியது. கொசுவலையைப் போட்டு விரால் குஞ்சுகளை வாரிக்கொண்டிருந்தவனை ஊர்க்காவலன் கரையில் இழுத்துப் போட்டு அடித்துவிட்டான். விஷயம் போலீசுக்குப் போய், வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ. வரைக்கும் போனது. ஒரு வருஷத்துக்கு யார் மேலும் கை வைக்க மாட்டேன் என்று அங்கே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்கு வர முடிந்தது. கை வைத்தால் மிச்ச நாளுக்கு ஜெயில். அந்த வருஷம் இன்னும் முடியவில்லை. இது ஊருக்கே தெரியும். சந்தனக்குமாருக்கு ஊரைவிட நன்றாகவே தெரியும்.

"தனியாவா நிக்கான்?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"அவன் மச்சினன் பக்கத்துல நிக்கானாம். வீடியோ எடுக்கப் போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு. எங்க அக்கா மவன் கடையிலதான் இருக்கான், அவன்தான் சொன்னான்."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் குருவம்மா. இதையும் பொறுத்துக்கிட்டா நான் அவளுக்கு அப்பனா?"

பேச்சித்தாய் பலகையைக் காட்டினாள். பாதி வெட்டிய நீலச் செருப்புத் துண்டு அங்கே கிடந்தது. பக்கத்தில் கத்தி.

"தவளை அரைகொறையாக் கெடக்கு."

"இப்பப் போயி தவளையா?"

"சட்டம் நான் போட்டது. ஒத்துக்கிட்டது நீங்க."

அவன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவளால் தடுக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்தான். குருவுக்குக் கொடுத்த வார்த்தையை மீற அவனுக்கு வராது. அந்த ஒரு குணத்தை நம்பித்தான் அவள் அங்கே நின்றாள், அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

செருப்புத் துண்டு அவன் கையில் படாத பாடு பட்டது. நீலத் துணுக்குகள் நாலாபக்கமும் பறந்தன. தலை சரிவாக வந்தது. சத்தம் எழுப்புவதற்காக முகத்தில் குழி தோண்ட வேண்டும், அதை மெதுவாகச் சுரண்டாமல் ஒரே குத்தாகக் குத்தினான். கட்டைவிரலில் ரத்தம் வந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டான். வயிற்றைக் கீறி, பசையைப் பீய்ச்சி, நூல் சுற்றிய முள்ளை உள்ளே திணித்தான்.

"முடிஞ்சிது. குடுங்க, போறேன்."

"வாளியில போட்டுப் பாருங்க."

போட்டான். தவளை ஒரு நொடி நின்றது. பிறகு சாய்ந்து, உருண்டு, மல்லாந்தது.

"செத்த தவளைய எந்த மீனும் சீந்தாது," என்றாள். "முள்ளு நடுவுல நிக்கல. பிரிச்சு ஒட்டுங்க."

"குருவம்மா!"

"பிரிச்சு ஒட்டுங்க அண்ணாச்சி."

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா மகன். கொட்டகை முழுவதற்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"மாமா, இன்னும் இங்கனதான் நிக்கான். எங்க ஒங்க மாமா, சேலை கட்டிக்கிட்டு உள்ள இருக்காரான்னு கேக்கான். அடுத்த பஸ் வந்தா ஏறிப் போயிருவான். வாரியளா இல்லியா?"

"வாரேம்ல. அவன விட்ராத."

போனை வைத்துவிட்டு முள்ளைக் கையில் எடுத்தான். முள் கீறலுக்கு இந்தப் பக்கம் ஒருதரம் போனது, அந்தப் பக்கம் ஒருதரம் போனது. நடுவில் மட்டும் உட்காரவில்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு சின்ன முள்ளை நேராக நிறுத்த முடியவில்லையே என்று இருந்தது.

"மூச்ச விடுங்க," என்றாள். "நீங்க மூச்சே விடல."

மூச்சை விட்டான். முள் உட்கார்ந்தது. கீறலை மூடி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். பசை காய்கிறவரை பிடித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. அந்த நேரத்தில் அவன் கண் கத்தியை விட்டு நகரவில்லை. அவள் கண் அவனை விட்டு நகரவில்லை.

இந்தத் தடவை வாளியில் தவளை நிமிர்ந்து உட்கார்ந்தது. சைக்கிள் டியூபில் வெட்டிய கால்கள் இரண்டு பக்கமும் விரிந்தன.

"போதுமா?"

"போதும்," என்று தவளையை வெளியே எடுத்தாள். கம்பி வெட்டும் இடுக்கியை எடுத்து, முள்ளின் வளைந்த பகுதியை டக்கென்று நறுக்கிப் போட்டாள்.

அவன் துள்ளி எழுந்தான்.

"என்ன செய்யுதிய? இவ்வளவு நேரம் உயிரக் குடுத்து ஒட்டினேன்!"

"வாங்க."

கத்தியை அவளே எடுத்துக்கொண்டாள். தவளையைக் கட்டிய தூண்டில் கம்பை அவன் கையில் கொடுத்தாள். இருவரும் குளக்கரையில் இறங்கினார்கள்.

கோரைப் புல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் குமிழிட்டுக்கொண்டிருந்தது. கீழே சிவப்பாக ஒரு கூட்டம். விரால் குஞ்சுகள். மூச்சு வாங்க மேலே வருவதும் இறங்குவதுமாக இருந்தன. அவற்றுக்கு அடியில், பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரிகிற மாதிரி, கருப்பாகத் தாய் மீன்.

"குஞ்சு மேல எறியுங்க."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். குஞ்சோடு நிற்கிற மீன் மேல் தூண்டில் போடக் கூடாது என்று அவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தவள் அவள்.

"குஞ்சு மேலயா?"

"முள்ளுதான் இல்லியே. எறியுங்க."

எறிந்தான். தவளை குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் போய் விழுந்தது. பொளக்.

தண்ணீர் வெடித்தது. மீன் தவளையைக் கவ்விக் குலுக்கிவிட்டுத் துப்பியது. அவன் இழுத்தான். பொளக். மறுபடியும் பாய்ந்தது, கவ்வியது, துப்பியது.

"பசியா இருக்குமோ?" அவனை அறியாமலே கேட்டுவிட்டான்.

"குஞ்சு காக்குற மீனு எரை தேடிப் போவாது."

"பின்ன என்னத்துக்குக் கடிக்கு?"

"நீங்க இழுங்க."

இழுத்தான். மீன் விடவில்லை. கோரையை விட்டு வெளியே வந்துவிட்டது. திறந்த தண்ணீரில், முதுகு தெரியத் தெரிய, தவளையைத் துரத்திக்கொண்டு வந்தது. அவன் தொழில்காரன், அந்தப் பாய்ச்சலைப் பார்த்து மனசுக்குள் மெச்சினான். அவன் செய்த தவளை அவ்வளவு நன்றாக நடந்தது.

அப்போதுதான் கோரைப் பக்கம் சளக்கென்று கேட்டது.

நீர்க்காகம். முங்கியது, எழுந்தது. அலகில் சிவப்பாக ஏதோ துடித்தது. விழுங்கிவிட்டு மறுபடி முங்கியது. குஞ்சுக் கூட்டம் சிதறியது. எங்கிருந்தோ இன்னொரு நீர்க்காகமும் வந்து இறங்கியது.

மீன் இன்னும் தவளையைத்தான் கடித்துக்கொண்டிருந்தது.

"ஏய்! ஏய்!"

ஊர்க்காவலன் கம்பைக் கரையில் போட்டான். தண்ணீரில் குதித்தான். சேற்றில் கால் புதைய, கையால் தண்ணீரை அடித்து அடித்துக் கத்திக்கொண்டு கோரையைப் பார்த்து ஓடினான். நீர்க்காகங்கள் சாவகாசமாக எழும்பிப் போயின. அவன் இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, இரைக்க இரைக்க நின்றான். கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகள் ஒன்றுகூடின. கூட்டம் முன்னைவிடச் சின்னதாக இருந்தது. வெகுநேரம் கழித்து அவன் கால் ஓரமாகக் கருப்பாக ஒன்று உரசிக்கொண்டு போய்க் கூட்டத்துக்கு அடியில் நின்றது.

மெதுவாகக் கரையேறினான். மடைப் பக்கத்திலிருந்து பஸ் வரும் ஹாரன் சத்தம் கேட்டது. பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

பேச்சித்தாய் கத்தியைப் பிடிப்பக்கமாக நீட்டினாள்.

"தவளை மிதந்துட்டு. இனி கத்தி ஒங்களது."

வாங்கிக்கொண்டான். வாங்கிய கை அப்படியே நின்றது.

"அவன் அங்க சிரிச்சிக்கிட்டு நிப்பான், குருவம்மா."

"நிப்பான்."

"நாளைக்கும் சொல்லுவான்."

"சொல்லுவான்."

"நான் என்னதான் செய்யட்டும்?"

அவள் குனிந்து தூண்டில் நரம்பைச் சுற்றி, தவளையைக் கரைக்கு இழுத்தாள். நீல முதுகு முழுக்கப் பல் பதிந்திருந்தது. தண்ணீரை உதறினாள்.

"கோமு எங்க?"

"வீட்டுக்கு வந்துட்டா. நான் செருப்பக் கூட மாட்டாம ஓடி வாரேன், அவ வாசல்ல நுழையுதா."

"என்ன சொன்னா?"

"அப்பான்னா."

"பெறவு?"

ஊர்க்காவலன் வாயைத் திறந்தான். அதற்குப் பிறகு கோமு என்ன சொல்ல வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அதைக் கேட்க அவன் நிற்கவில்லை.