நடுக்கழியும் பாறையும்

இசக்கியம்மா பனிக்கட்டியை உடைத்து உலைப்பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். இமயமலையில் பனியாறு நகரும் வேகத்தை அளக்க வந்த கூட்டத்துக்கு அவள்தான் சமையல். போன வருஷம் பனிக்குக் குறுக்கே மூங்கில் கழிகளை நேர்வரிசையாக நட்டவன் அவள் புருஷன் சுடலை. இந்த வருஷம் வந்து பார்த்தால் வரிசை வில்லாக வளைந்து, நடுக்கழி வெகுதூரம் கீழே நின்றது.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி தணிகாசலம் குதித்தார். "கழியைப் பிடுங்கி அடுப்பெரிச்சுட்டு, மிச்சத்தைக் கண்ட இடத்துல சொருகியிருக்கே, திருட்டுப் பயலே! பொழுது சாயறதுக்குள்ள பழைய இடத்துல வை. இல்லேன்னா ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க."

இசக்கியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"வச்சிருவோம் ஐயா. போன வருஷம் நடுக்கழிகிட்ட பனியில கெடந்த ஒரு பாறை மேல ஏறி போட்டோ எடுத்துக்கிட்டியளே, அந்தப் பாறையும் கழியோடயே கீழ போயிருக்கு. பாறையை நீங்க மேல தள்ளுங்க, கழியை அவுக கொண்டாந்திருவாக."

வீட்டளவு பாறை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தணிகாசலம் பாறையையும் வளைந்த வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, "பனி நடுவுலதான் வேகமா ஓடுது. நான் அப்பவே நினைச்சேன்," என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போனார். சுடலை பக்கம் திரும்பக்கூட இல்லை.

இசக்கியம்மா பின்னாலேயே போனாள். "ஐயா, அப்ப எங்க வீட்டுக்காரரைத் திருடன்னு சொன்ன வார்த்தையை நீங்க..."

கூட்டத்தில் ஒருவன் வெளியிலிருந்து குறுக்கே கத்தினான்: "இசக்கி! ஐயாவுக்கு டீ எங்க?"