மாசானத்தின் இரையாத மைக் செட்

முட்டத்துக்குளம் என்ற ஊரில் மாசானம் என்பவன் மைக் செட் வைத்திருந்தான். கூடமாட வேலை பார்த்தவர்கள் இசக்கியும் சுடலையும். மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரே ஒரு மூளையைத்தான் அனுப்பிவைத்தான். வருகிற வழியில் அதையும் யாரோ இறக்கிக்கொண்டார்கள். மற்றபடி தங்கமான பையன்கள்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை முன்னின்று நடத்துகிறவர் மூக்காண்டி அண்ணாச்சி. மாசானத்துக்கு அவர் மகள் பிரம்மு மேல் உயிர். பிரம்முவுக்கும் சம்மதம்தான், ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை. அண்ணாச்சி ஒரே போடாகப் போட்டார்.

"அம்மன் கொடைக்கு உன் செட்டைக் கட்டு. போன வருசம் மாதிரி கொய்யினு இரையாம ஓடுச்சுன்னா, பொண்ணு உனக்குத்தாம்னு மேடையிலயே சொல்லிருதேன். இரைஞ்சுதோ, தென்காசியில மாப்பிள்ளை ரெடியா இருக்கான்."

கோயில் இருந்தது ஊருக்கு வெளியே ஓடைக்கரையில். அங்கே கரண்ட் கிடையாது, பேட்டரிதான். மாசானம் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு, மெக்கானிக் செல்லையாவிடம் ஓடினான்.

"ஃபில்டர் சேத்துத் தாரேன். வேண்டாத இரைச்சலைத் தடுத்துட்டு, வேண்டிய சத்தத்தை மட்டும் விடும்," என்றார் செல்லையா. "ஆனா நல்லா வேலை செய்யுத ஃபில்டர் பேட்டரியைத் திங்கும். தீனியைக் குறைச்சா வேலையும் குறையும். ரெண்டுக்கும் நடுவுல பாத்துத்தான் வைக்கணும்."

பேட்டரி பாதியில் படுத்தால் பிரம்மு தென்காசிக்கு பஸ் ஏறிவிடுவாள். மாசானம் செட்டை அப்படியே திருப்பித் தூக்கி வந்து, கடைக் கதவை உள்பக்கம் தாழிட்டு ஆலோசனையைத் தொடங்கினான்.

"அண்ணே, இரைச்சல் எப்ப வருது?" என்று கேட்டான் இசக்கி.

"செட்டைப் போட்டதும் வருது."

"போடலைன்னா?"

மாசானம் கண்ணை மூடி யோசித்தான். "வராது."

"பேட்டரி?"

"அதுவும் தீராது."

மூவரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இவ்வளவு படித்த செல்லையாவுக்கு இது தோன்றவில்லையே என்று சுடலைக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

"சத்தத்துக்கு என்னலே செய்ய?" என்றான் மாசானம்.

"அதுக்கு நான் இருக்கேம்லா," என்றான் சுடலை. அவன் இருமினாலே பக்கத்து ஊரில் நாய் குரைக்கும்.

"ஃபில்டர்? மெக்கானிக் சொன்னதை மீறக் கூடாது."

"ஃபில்டர் நானு," என்றான் இசக்கி.

கொடையன்று புளியமரத்து இலைமறைவில் சுடலை குழாய் ஸ்பீக்கரோடு உட்கார்ந்தான். மேடைக்கடியில் இசக்கி. நடுவில் தோட்டத்து ஹோஸ் பைப். மேளச் சத்தத்தில் மேடைப் பேச்சு நாலடி தாண்டாது. ஆனால் இசக்கி அதைக் கேட்டு, வேண்டாததைத் தள்ளி, மிச்சத்தைப் பைப்பில் ஓதுவான். சுடலை அதை முழங்குவான். மருந்துக்குக்கூட இரைச்சல் இல்லை. அண்ணாச்சி முகம் மலர்ந்துபோனது.

ஒரே சிக்கல், ஃபில்டர் தின்றது. காலையிலேயே ஒரு பானைப் பொங்கலைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டது. செல்லையா சொன்னது சரிதான் என்று மாசானம் மத்தியானச் சோற்றை நிறுத்தினான். வேலை குறைந்தது.

அண்ணாச்சி மைக்கில் சொன்னார்: "எல்லாரும் பொறுமையா வரிசையில நில்லுங்க. பந்தி பூசைக்குப் பிறகுதான்." பசித்திருந்த இசக்கிக்கு அதில் வேண்டியதாகத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. மரத்திலிருந்து "பந்தி" என்று இடி விழுந்தது. பூசாரி உட்பட ஊரே பந்திக்குப் பாய்ந்தது. அம்மன் மட்டும் தனியாக நின்றாள்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். மாசானம் மிச்சமிருந்த வடை, பொங்கல், தேங்காய் எல்லாவற்றையும் அள்ளி மேடைக்கடியில் கொட்டி, மரத்துக்கும் ஏற்றிவிட்டான். தீனி போனால் போகிறது, ஃபில்டர் முழு பலத்தில் ஓடினால் போதும்.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "இந்த மடப்பய மாசானத்துக்கு என் மகளைக் குடுக்க மாட்டேன். இது அம்மன் மேல சத்தியம்."

வயிறு நிறைந்த இசக்கி ஒவ்வொரு வார்த்தையாகச் சோதித்தான். கோயிலில் ஏச்சு, அது இரைச்சல். நல்ல நாளில் மாட்டேன் கீட்டேன் என்பது அபசகுனம், அதுவும் இரைச்சல். மிச்சத்தைச் சுத்தமாக மேலே அனுப்பினான்.

"மாசானத்துக்கு என் மகளைக் குடுக்கேன். இது அம்மன் மேல சத்தியம்," என்று முழங்கியது மரம்.

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஓடிப்போய் பிரம்முவின் தலையில் பூ வைத்தார்கள். மேடையோரம் நின்ற மாசானம் மட்டும் தேம்பித் தேம்பி அழுதான். பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வராது. குனிந்து மேடைக்கடியில் தலையை நுழைத்தான்.

"ஏலே இசக்கி, அவரு மாட்டேன்னுதாம்லே சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"அண்ணே, நீங்க கேட்டது ஃபில்டருக்கு முன்னால உள்ளது," என்றான் இசக்கி, தேங்காயைக் கடித்தபடி. "அதையெல்லாம் கணக்குல எடுக்கக் கூடாது."

மாசானத்துக்கு நியாயமாகப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாலைக்குக் கழுத்தை நீட்டினான்.

அண்ணாச்சி விடவில்லை. மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மாசானத்தையும் அவன் ஏழு தலைமுறையையும் தொண்டை கட்டும்வரை வைதார். இசக்கி ஒன்றுவிடாமல் கேட்டு, வேண்டாததைத் தள்ளி, தேறியதை மேலே அனுப்பினான்.

"நன்றி," என்றது மரம்.