நண்டின் வலது பாதி

அந்த வருஷம் முகாமுக்கு நண்டு வரவில்லை.

கழிமுகத்தை ஒட்டிய புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஒவ்வொரு மார்கழியிலும் ஐந்து நாள் முகாம் நடக்கும். காலையில் சேற்றில் இறங்கி உயிர்களைப் பார்ப்பார்கள். மத்தியானம் உட்கார்ந்து, பார்த்ததை வரைவார்கள். நடத்துகிறவர் ஜெசிந்தா. கடல் உயிர்களை அறிவியல் நூல்களுக்காக வரைந்து கொடுப்பவர், வயது முப்பத்தெட்டு. அவரிடம் மூன்றாவது வருஷமாகப் படிக்க வருகிறவர் வேதாசலம், ஒரு மேல்நிலைப் பள்ளியின் விலங்கியல் ஆசிரியர், வயது ஐம்பத்து நான்கு. தன்னைவிட இளையவரை வாய் நிறைய டீச்சர் என்று கூப்பிடுவார். அந்த விஷயத்தில் அவருக்கு வீம்பு கிடையாது. மற்ற விஷயங்களில் தாராளமாக உண்டு.

வரைவதற்கு நண்டு கொண்டுவந்து தருகிறவர் கன்னியம்மா. அலையாத்தி வேர்களுக்கு அடியில் வெறுங்கையை விட்டுச் சேற்று நண்டு பிடிப்பவர். முகாம் தொடங்குகிற அன்று விடியும்போதே வாளியோடு வந்து நிற்பார். இந்த முறை வரவில்லை. எல்லோரும் சங்கையும் சிப்பியையும் வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள்தான் வேதாசலம் வந்து சேர்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஜெசிந்தாவின் மேசைக்குப் போய், ஒரு தடித்த அறிக்கையைப் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். சென்ற வருஷம் அவர் வரைந்த நண்டு அங்கே இருந்தது. கீழே அவர் பெயரும் பட்டங்களும் இருந்தன.

நடந்தது இதுதான். மேலே ஆற்றோரம் இருக்கிற ஆலை, கழிவுநீருக்கு இரண்டாவது குழாய் போடப் போகிறது. அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கன்னியம்மா எழுந்து, இரண்டு வருஷமாக நண்டு ஓடு கோணிக்கொண்டு வருகிறது, ஏன் என்று பார்த்துவிட்டு அப்புறம் குழாய் போடுங்கள் என்றார். அவ்வளவுதான் கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி, ஆதாரம் இருக்கிறதா என்றார். என் கையால எடுக்கறேன் சார், கைதான் ஆதாரம் என்றார் கன்னியம்மா. அதிகாரி, ஆலை கொடுத்திருந்த அந்தத் தடித்த அறிக்கையைத் தூக்கிப் பிடித்து வேதாசலத்தின் படத்தைக் காட்டினார்.

"இது படிச்சவங்க வரைஞ்சது. ஓட்டு விளிம்புல பக்கத்துக்கு ஒன்பது பல்லு, எண்ணிக்கோ. இதுல கோணல் எங்க இருக்கு?"

மண்டபம் சிரித்தது. கன்னியம்மா உட்கார்ந்துவிட்டார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இந்தச் சொல் ஏறத்தான் செய்தது. ஒரு படத்தைக் காட்டி இறக்கிவிட்டார்கள்.

எழுத்து மூலமான ஆட்சேபனைக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு இருந்தது. அதற்குப் பிறகு குழாய்தான். வேதாசலம் நான்கு பக்க மனுவை எழுதியே கொண்டுவந்திருந்தார். முகாம் வெளியிட்ட புத்தகத்திலிருந்து கேட்காமல் கொள்ளாமல் படத்தை எடுத்தது திருட்டு, தன் பெயரைப் பொய்க்குத் துணை சேர்த்தது மோசடி என்று எழுதி, இரண்டு சொல்லுக்கும் கீழே கோடு போட்டிருந்தார். நியாயமான கோபம். யாருக்கும் வரக்கூடியது.

ஜெசிந்தா நான்கு பக்கத்தையும் படித்தார்.

"படத்துல எது சார் பொய்?"

"படத்துல ஒண்ணும் பொய்யில்லை டீச்சர். அதை வச்சு அவனுங்க சொன்னதுதான் பொய்."

ஜெசிந்தா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தார். சென்ற வருஷத்து அதே நண்டு. வரைந்து முடித்ததும் ஸ்பிரிட்டில் போட்டு எண் ஒட்டி வைப்பது அங்கே வழக்கம். அதை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார்.

"வரைங்க சார்."

"போன வருஷமே வரைஞ்சாச்சே."

"இன்னொரு தடவை. வலது பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க."

சொல்லிவிட்டு மேசை விளக்கைத் தூக்கி வலப்பக்கம் வைத்தார்.

இந்தத் தொழிலில் வெளிச்சம் எப்போதும் இடப்பக்கத்திலிருந்துதான் விழவேண்டும். அது சட்டம். இன்னொரு பழக்கமும் உண்டு. நண்டின் இடது பாதியை மட்டும் அளந்து வரைவார்கள். அதைப் பட்டர் பேப்பரில் படியெடுத்து, தாளைத் திருப்பிப் போட்டால் வலது பாதி தயார். உடம்பு இரண்டு பக்கமும் ஒன்றுதானே, பாதி வேலை மிச்சம். திருப்புவதற்கு முன்னால் அடுத்த பாதியையும் அளந்து சரிபார்க்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. அதை முதல் நாள் எல்லோரும் செய்வார்கள். மூன்றாம் நாள் யாரும் செய்வதில்லை.

ஊரே பற்றி எரியும்போது வீட்டுப்பாடம் கொடுக்கிறாரே என்று வேதாசலத்துக்கு எரிச்சல். ஆனாலும் உட்கார்ந்தார். ஓட்டின் விளிம்பில் ரம்பம் மாதிரி இருக்கும் பற்களைக் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். நான்கு வரைக்கும் ஒழுங்காக இருந்தது. ஐந்தும் ஆறும் சேர்ந்து ஒரே கட்டியாக இருந்தது. எட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, விளிம்பு உள்ளே அமுங்கிக் கிடந்தது.

ஏழு. லென்ஸை எடுத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். ஏழுதான். இடப்பக்கம் எண்ணினார். ஒன்பது.

லென்ஸைக் கீழே வைத்தார். சென்ற வருஷம் இதே மேசையில் நண்டை வைக்கும்போது கன்னியம்மா சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. 'இதைப் பாரு சார், ஒரு பக்கம் அமுங்கிக்கினு கெடக்குது. ஒனக்குக் காட்டணும்னுதான் எடுத்தாந்தேன்.' அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். வையம்மா, வை என்றார். பெரிய நண்டாக இருக்கிறதே என்று மட்டும் சந்தோஷப்பட்டார்.

கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே இருந்தவர் மேலேயே இறக்கினார்.

"நீங்களும்தானே டீச்சர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார். நீங்க புள்ளி வச்சு நிழல் போட்டிருந்த அழகைப் பார்த்தேன். நண்டைப் பார்க்கலை."

ஜெசிந்தாவின் குரலில் சாந்தம் இல்லை. குரு என்றால் மலையாக உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறவர்கள் அவரை அன்று பார்த்திருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் நண்டு ஏன் வரவில்லை என்று கேட்கக் கன்னியம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தார். உட்கார் என்று கன்னியம்மா சொல்லவில்லை. நண்டைப் பார்க்காமலேதான் வரைகிறீர்களே, அப்புறம் நண்டு எதற்கு என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்துதான் ஜெசிந்தா ஜாடியைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்தை இரண்டு தடவை எண்ணினார்.

வேதாசலம் தன் மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்காம எடுத்தாங்கன்னு மட்டும் எழுதினா போதாதா டீச்சர்? அதுவும் உண்மைதானே."

"உண்மைதான். அதுக்குக் குழாய் நிக்குமா?"

வேதாசலம் மனுவைக் கீழே வைத்தார். முப்பது வருஷமாக விலங்கியல் சொல்லித் தருகிறவனுக்கு நண்டின் பல்லை எண்ணத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும் என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் சிரிக்கும் என்றார்.

"சிரிப்பாங்க," என்றார் ஜெசிந்தா. "கன்னியம்மாவைப் பார்த்துச் சிரிச்சாச்சு. இப்ப நம்ம முறை."

வேதாசலம் நான்கு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் வரைக்கும் பேனா ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை.

"என்னன்னு எழுதறது டீச்சர்?"

ஜெசிந்தா தட்டிலிருந்த நண்டை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"அந்தம்மா பார்த்ததைச் சொன்னாங்க, அவங்ககிட்ட ஆதாரம் எங்கேன்னு கேட்டாங்க. நீங்க பார்க்காம வரைஞ்சீங்க, நான் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். நம்மகிட்ட யாருமே கேக்கலை. அதை எழுதுங்க."