சுவரைப் பார்த்த நாற்காலி

ஜெசிந்தாவிடம் தொழில் கற்க வந்தவர்களில் தணிகைவேல்தான் வயதில் மூத்தவர். தலை பாதி நரைத்தவர். ஆனாலும் அவர் அவளை மேடம் என்றார், அவள் அவரை சார் என்றாள். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

திருச்சி தில்லைநகரில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அவள் அறை. புதிதாகச் செய்த செல்போன் செயலிகளை நாலு பேர் கையில் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது அவள் தொழில். சும்மா உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. வாயைத் திறக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

தணிகைவேல் ஒரு பாட்டுச் செயலி செய்திருந்தார். வட்டப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு மெட்டை முனகினால், அது என்ன பாட்டு என்று தேடி மூன்று பெயர்களைக் காட்டும். வேண்டியதைத் தொட்டால் பாடும். இன்னும் அரைகுறைதான். அதை அவர் செய்தது தன் அப்பாவுக்காக. பக்கவாதம் வந்து அப்பாவின் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. மெட்டுகளை மட்டும் விட்டுவைத்திருந்தது. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் அந்த மனிதர், யார் கையையும் எதிர்பார்க்காமல் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்க வேண்டும். தணிகைவேலுக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை.

அன்று காலை வந்து சோதித்தவர்கள் எல்லோரும் தேடிய பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகைவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரமே வெளியிட்டுவிடலாம் என்றார்.

ஜெசிந்தா எழுந்துபோய் அவருடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

அடுத்து வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தணிகைவேலுக்கு அந்த அம்மாளின் குரல் மட்டும் கேட்டது. முனகினார். நிறுத்தினார். மறுபடி முனகினார். ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானை அவர் அழுத்தவேயில்லை என்பது தணிகைவேலுக்குப் புரிந்துவிட்டது. எழப் போனவரின் தோளில் ஜெசிந்தாவின் கை விழுந்தது.

"மன்னிச்சுக்குங்க, எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல," என்று சொல்லிவிட்டு ஆசிரியை போய்விட்டார்.

தணிகைவேலுக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், பாவம், படித்த மனுஷியை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டோம் என்றார். பிறகு கேட்டார், "எப்பதான் மேடம் உதவலாம்?"

"அப்பாகிட்டயும் இப்படி உட்கார்ந்து பார்த்துட்டு வாங்க சார்."

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அப்பா ஒருதடவைகூடத் தப்பாகத் தொட்டதில்லை என்றார் தணிகைவேல். அப்படியென்றால் பயமென்ன, போய்ப் பாருங்கள் என்றாள் அவள்.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நோய் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. தணிகைவேல் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலின் மறு ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மெட்டு வந்தது. அப்பா அடிக்கடி கேட்கும் பாட்டுதான். தேடி முடித்ததற்கான மணி ஒலித்தது. பிறகு வேறு ஏதோ ஒரு பாட்டு ஓடியது. அது நின்றது. இன்னொன்று ஓடியது. அதுவும் அவர் கேட்டதல்ல. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

தணிகைவேல் திரும்பினார். அப்பா போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். மகனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கை, பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தது.

பேச்சோடு எழுத்தும் போய்விட்டிருக்கிறது. அது மகனுக்குத் தெரியக் கூடாது என்றுதான் தினமும் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் ஜெசிந்தாவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "எழுத்தே தெரியலன்னா, இத்தனை நாளா எப்படி மேடம் சரியாத் தொட்டாரு?" என்று கேட்டார்.

ஜெசிந்தா மூன்று காகிதக் கோப்பைகளை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். அவரைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒன்றின் அடியில் ஒரு சட்டைப் பித்தானை வைத்தாள்.

"எதுல இருக்கு சார்?"

தணிகைவேல் கோப்பைகளைப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். நடுக்கோப்பையைத் தொட்டார். பித்தான் இருந்தது. இன்னொருமுறை வைத்தாள். அதையும் சரியாகத் தொட்டார்.

மூன்றாம் முறை அவள் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தணிகைவேலின் கை கோப்பைகளுக்கு மேலே அப்படியே நின்றது. எதைத் தொடுவதென்று தெரியவில்லை. அப்பாவின் மடியில் கவிழ்ந்து கிடந்த போன் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

திரையிலிருந்து பெயர்களை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். மூன்று பாட்டும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் ஒலிக்கட்டும், தன் பாட்டு வரும்போது அப்பா தொட்டுக்கொள்ளட்டும். சரியாக வருமா என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து மறுபடி சோதிக்கிறேன் என்றார். ஜெசிந்தா தலையசைத்தாள்.

வாசல்வரை போனவர் நின்றார்.

"அப்ப, இனிமே நான் அப்பா பக்கத்துல உட்காரவே கூடாதா மேடம்?"

"உட்காருங்க சார்," என்றாள் ஜெசிந்தா. "பாட்டு ஆரம்பிச்சதுக்கு அப்புறம்."